மின்னோட்ட மூலம் இரண்டு மெஷ்களுக்கு நடுவே இருந்தால் சமன்பாட்டை எப்படி எழுதுவது?

கேள்வி: இளமின்

அனைவருக்கும் வணக்கம். மின்னியல் பொறியியல் முதலாண்டு படிக்கிறேன். சர்க்யூட் தியரியில் மெஷ் பகுப்பாய்வை, அதாவது சுற்றின் ஒவ்வொரு ஜன்னல் வளையத்துக்கும் (மெஷ்) ஒரு சமன்பாடு எழுதும் முறையை, நடத்தி முடித்துவிட்டுப் பயிற்சிக் கணக்குகள் கொடுத்திருக்கிறார்கள். மின்னழுத்த மூலங்களும் மின்தடைகளும் மட்டும் உள்ள சுற்றுகளுக்குச் சமன்பாடு எழுதுவதில் எனக்குச் சிக்கல் இல்லை. இரண்டு மெஷ்களுக்குப் பொதுவான கிளையில் ஒரு மின்னோட்ட மூலம் வந்துவிட்டால்தான் அந்தக் கிளைக்கு எதை எழுதுவது என்று புரியாமல் நின்றுவிடுகிறேன்.

படம் இணைக்க வசதியில்லாததால் சுற்றை எழுத்திலேயே சொல்கிறேன். கீழே நீளமாக ஒரு கம்பி ஓடுகிறது. அதைத் தரை என்று வைத்துக்கொள்ளலாம். இடது ஓரத்தில் 10 வோல்ட் மின்னழுத்த மூலம், நேர்முனை மேலே. அந்த நேர்முனையிலிருந்து 2 ஓம் மின்தடை வழியாக 'அ' என்ற சந்திக்கு வருகிறோம். 'அ' சந்தியிலிருந்து தரைக்கு 4 ஓம். 'அ' சந்தியிலிருந்து வலப்பக்கம் 1 ஓம் வழியாக 'ஆ' என்ற சந்தி. 'ஆ' சந்திக்கும் தரைக்கும் நடுவே 4 ஆம்பியர் மின்னோட்ட மூலம், அம்புக்குறி மேல்நோக்கி இருக்கிறது. வலது ஓரத்தில் 'ஆ' சந்தியிலிருந்து தரைக்கு 3 ஓம். ஆக மூன்று மெஷ்கள். இடமிருந்து வலமாக ஐ1, ஐ2, ஐ3 என்று பெயரிட்டு மூன்றையும் கடிகாரத் திசையில் எடுத்திருக்கிறேன்.

முதல் மெஷ் எளிது: 2 ஐ1 + 4 (ஐ1 − ஐ2) = 10. இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் குழப்பம். மின்னோட்ட மூலத்துக்கு மின்தடை எதுவும் குறிப்பிடப்படாததால் அதன் குறுக்கே மின்னழுத்தம் சுழி என்று எடுத்துக்கொள்ளலாம் என வகுப்புத் தோழர் ஒருவர் சொல்கிறார். அப்படிச் செய்தால் மூன்றாவது மெஷ் 3 ஐ3 = 0 என்றாகிவிடுகிறது; 4 ஆம்பியர் மூலத்தின் பக்கத்திலேயே இருக்கும் 3 ஓம் மின்தடையில் மின்னோட்டமே இல்லை என்பதை ஏற்க மனம் வரவில்லை. நான் வைத்திருக்கும் புத்தகமோ, இரண்டு மெஷ்களையும் சேர்த்து சூப்பர்மெஷ் ஆக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏன் என்று விளக்காமல், ஐ1 = 1, ஐ2 = −1, ஐ3 = 3 ஆம்பியர் என விடையைக் கொடுத்திருக்கிறது.

அந்தக் கிளையின் மின்னழுத்தத்தை எப்படி எடுப்பது, சூப்பர்மெஷ் எதனால் சரியாகிறது, ஐ2 எதிர்க்குறியில் வந்திருப்பதால் திசையை மாற்றிக் கணக்கை மறுபடி போட வேண்டுமா, தேர்வில் ஒரு சுற்றைப் பார்த்ததும் மெஷ் முறையா நோடு (சந்தி) முறையா என்று எப்படி முடிவு செய்வது ஆகியவற்றைத் தெளிவுபடுத்தினால் உதவியாக இருக்கும்.


பதில் 1: பழையகரும்பலகை

உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. மின்னோட்ட மூலத்தின் குறுக்கே மின்னழுத்தம் சுழி என்பது, அதனைக் குறுக்குச் சுற்றாக்கிய கம்பியோடு குழப்பிக்கொள்வதால் வரும் தவறு. இலட்சிய மின்னழுத்த மூலம் தன் முனைகளுக்கிடையே வோல்ட்டை மட்டும் நிர்ணயிக்கிறது. எத்தனை ஆம்பியர் போகிறது என்பதைச் சுற்றின் மற்றப் பகுதிகள் முடிவு செய்கின்றன. மின்னோட்ட மூலம் இதற்கு நேர்மாறு: ஆம்பியரை அது நிர்ணயிக்கும், அந்த ஆம்பியரைச் செலுத்துவதற்கு எத்தனை வோல்ட் தேவைப்படுகிறதோ அத்தனை வோல்ட் அதன் குறுக்கே தானாக வந்து நிற்கும். அந்த வோல்ட் சுழியாகவும் இருக்கலாம், ஆயிரமாகவும் இருக்கலாம். சமன்பாடுகளைத் தீர்க்கும் முன் நமக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

தெரியாத ஒன்றுக்குச் சுழி என்று மதிப்பு கொடுக்காமல், தெரியாதது என்றே ஒரு பெயர் கொடுத்துவிடுங்கள். 'ஆ' சந்தி தரையைவிட 'வி' வோல்ட் உயரத்தில் இருக்கிறது என்று கொள்வோம். கடிகாரத் திசையில் சுற்றி வரும்போது கிர்க்காஃபின் மின்னழுத்த விதிப்படி (ஒரு வளையத்தைச் சுற்றி வந்தால் மின்னழுத்தங்களின் கூட்டுத்தொகை சுழி) இரண்டாவது மெஷ் இவ்வாறு வரும்:

4 (ஐ2 − ஐ1) + 1 ஐ2 + வி = 0

மூன்றாவது மெஷ்ஷில் அதே கிளையைக் கீழிருந்து மேலாகக் கடக்கிறோம். ஆகவே 'வி' எதிர்க்குறி பெறுகிறது:

3 ஐ3 − வி = 0

இப்போது தெரியாதவை ஐ1, ஐ2, ஐ3, வி என நான்கு. மெஷ் சமன்பாடுகள் மூன்று. நான்காவது சமன்பாட்டை மூலமே தருகிறது. அந்தக் கிளையில் ஐ3 மேல்நோக்கியும் ஐ2 கீழ்நோக்கியும் பாய்வதால், மேல்நோக்கிய நிகர மின்னோட்டம் ஐ3 − ஐ2. அது 4 ஆம்பியருக்குச் சமம்.

ஐ3 − ஐ2 = 4

நான்கு சமன்பாடு, நான்கு மாறி. கணக்கு இங்கேயே தீர்ந்துவிடுகிறது. சூப்பர்மெஷ் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கூட இப்படிப் போட்டால் சரியான விடைக்கு வந்து சேர்ந்துவிடுவார். ஆனால் 'வி' இடம்பெறும் இரண்டு சமன்பாடுகளையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள்; ஒன்றில் + வி, மற்றதில் − வி. கூட்டினால் அது மறைந்துவிடும்:

4 (ஐ2 − ஐ1) + 1 ஐ2 + 3 ஐ3 = 0

மின்னோட்ட மூலம் உள்ள கிளையை அழித்துவிட்டு, அதன் இருபுற மெஷ்களையும் ஒரே பெரிய வளையமாகக் கருதி, 4 ஓம், 1 ஓம், 3 ஓம் என வெளிவட்டம் வழியாக நடந்து வந்தால் கிடைப்பதும் இதே சமன்பாடுதான். சூப்பர்மெஷ் என்பது இந்தக் கூட்டலைத் தாளில் எழுதாமல் கண்ணாலேயே செய்துவிடும் சுருக்குவழி. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. இதைச் சொல்லாமல் படிநிலைகளை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பதால்தான், மாணவர்கள் சூப்பர்மெஷ் சமன்பாட்டை எழுதிவிட்டு ஐ3 − ஐ2 = 4 என்ற கட்டுப்பாட்டுச் சமன்பாட்டை மறந்துவிடுகிறார்கள். இரண்டு சமன்பாடுகளைக் கூட்டி ஒன்றாக்கினால் ஒன்று குறையும். குறைந்ததை ஈடுகட்டுவது மூலத்தின் கட்டுப்பாடு.

தீர்ப்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஐ3 = ஐ2 + 4 என்பதைப் பிரதியிட்டால் −4 ஐ1 + 8 ஐ2 = −12. முதல் மெஷ் 6 ஐ1 − 4 ஐ2 = 10. இவ்விரண்டின் அணிக்கோவை 6 × 8 − 4 × 4 = 32. ஐ1 = (80 − 48) ÷ 32 = 1, ஐ2 = (−72 + 40) ÷ 32 = −1; ஆகவே ஐ3 = 3. புத்தக விடையோடு ஒத்துப்போகிறது. விட்டுவைத்த 'வி' 3 × 3 = 9 வோல்ட். சுழி என்று எடுத்துக்கொள்ளச் சொன்ன தோழரிடம் இந்த ஒன்பதைக் காட்டுங்கள்.

ஐ2 எதிர்க்குறியில் வந்ததற்காகத் திசையை மாற்றி மறுபடி போட வேண்டியதில்லை. கடிகாரத் திசை என்பது நாம் குறித்துக்கொண்ட குறிப்பு. மின்னோட்டம் அப்படித்தான் பாய்கிறது என்று நாம் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. −1 என்றால் 1 ஓம் மின்தடையில் 1 ஆம்பியர் வலமிருந்து இடமாகப் போகிறது என்று பொருள். 'ஆ' சந்தி 9 வோல்ட்டிலும் 'அ' சந்தி 8 வோல்ட்டிலும் இருப்பதால் அது அப்படித்தான் போக வேண்டும். நடுவழியில் ஒரு மெஷ்ஷின் திசையை மட்டும் மாற்றினால், பொதுக் கிளையில் ஐ1 − ஐ2 என்று இருந்தது ஐ1 + ஐ2 என்றாகி, எங்காவது ஒரு குறி நழுவிவிடும். எல்லா மெஷ்களுக்கும் ஒரே திசையை வைத்துக்கொண்டு, எதிர்க்குறியை விடையாகவே எழுதிவிடுவது பாதுகாப்பானது.

விடையைச் சரிபார்க்க நான் எப்போதும் திறன் கணக்கையே நாடுவேன், ஏனென்றால் சமன்பாட்டை எழுதும்போதே குறி தவறியிருந்தால், அந்தச் சமன்பாட்டிலேயே விடையைப் பிரதியிட்டுப் பார்ப்பதால் அது வெளிப்படாது. 10 வோல்ட் மூலம் 1 ஆம்பியர் தருகிறது, 10 வாட். மின்னோட்ட மூலம் 9 வோல்ட்டில் 4 ஆம்பியர் தருகிறது, 36 வாட். மொத்தம் 46. செலவுப் பக்கம்: 2 ஓமில் 2 வாட், 4 ஓமில் 2 ஆம்பியர் என்பதால் 16 வாட், 1 ஓமில் 1 வாட், 3 ஓமில் 27 வாட்; கூட்டினால் அதே 46. 'வி' தெரிந்தால்தான் இந்தச் சோதனையைச் செய்ய முடியும் என்பதையும் கவனியுங்கள்.


பதில் 2: நோடுக்காரன்

மேலே உள்ள விளக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இதே சுற்றுக்கு நோடு முறையில் சூப்பர் என்ற அடைமொழியே தேவைப்படாது என்பதைப் பதிவு செய்கிறேன். 'அ', 'ஆ' என்று இரண்டே சந்திகள். அவற்றின் மின்னழுத்தங்களை வி1, வி2 என்று கொண்டால்:

(வி1 − 10) ÷ 2 + வி1 ÷ 4 + (வி1 − வி2) ÷ 1 = 0
வி2 ÷ 3 + (வி2 − வி1) ÷ 1 = 4

இவற்றைத் தீர்த்தால் வி1 = 8, வி2 = 9 என்று நேரடியாக வந்துவிடுகிறது. மின்னோட்ட மூலம் இங்கே தொல்லை தருவதற்குப் பதிலாக, சமன்பாட்டின் வலப்பக்கத்தில் 4 என்ற எண்ணாகப் பணிவாக நின்றுகொள்கிறது.

எந்த முறை என்று கேட்டிருந்தீர்கள். எண்ணிப் பார்ப்பதுதான் வழி. சுற்றில் கிளைகள் 'கி', சந்திகள் 'ச' என்றால், சார்பற்ற மெஷ் சமன்பாடுகள் கி − ச + 1. நோடு சமன்பாடுகள் ச − 1. ஒவ்வொரு மின்னோட்ட மூலமும் மெஷ் கணக்கில் ஒரு மாறியைக் குறைக்கும். ஒவ்வொரு மின்னழுத்த மூலமும் நோடு கணக்கில் ஒன்றைக் குறைக்கும். உங்கள் சுற்றில் 10 வோல்ட்டையும் 2 ஓமையும் தொடராக ஒரே கிளையாக எண்ணினால் கிளைகள் 5, தரையோடு சேர்த்துச் சந்திகள் 3. மெஷ் சமன்பாடு 3. மின்னோட்ட மூலத்துக்காக ஒன்று கழிந்து 2. நோடு சமன்பாடும் 2; 10 வோல்ட் மூலம் ஏற்கெனவே 2 ஓமோடு ஒரே கிளையாகிவிட்டதால் அதற்காகத் தனியே கழிக்க வேண்டியதில்லை. ஆக இங்கே சமநிலை. கேள்வியில் மின்னோட்டத்தைக் கேட்டிருந்தால் மெஷ், மின்னழுத்தத்தைக் கேட்டிருந்தால் நோடு என்று தேர்ந்தெடுத்தால் கடைசியில் ஒரு வரி மிச்சமாகும்.

தேர்வறைக்கு வெளியே வந்துவிட்டால் என் ஓட்டு நோடு முறைக்குத்தான். 1970களில் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேட்டர் மென்பொருளும், அதன் வழிவந்த இன்றைய சிமுலேட்டர்களும் நோடு முறையை அடித்தளமாகக் கொண்டவை. கணினிக்குச் சுற்றின் படம் தெரியாது. எந்த உறுப்பு எந்தச் சந்திகளுக்கு நடுவே இருக்கிறது என்ற பட்டியல் மட்டுமே தெரியும். அந்தப் பட்டியலிலிருந்து நோடு சமன்பாடுகளை வரி வரியாக நிரப்பிவிடலாம். மெஷ் எது என்று கண்டுபிடிக்கப் படத்தைத் தாளில் விரித்துப் பார்க்கும் கண் தேவை. நோடு முறையில் சங்கடம் தருவது மின்னழுத்த மூலம். அதன் மின்னோட்டத்தையும் ஒரு கூடுதல் மாறியாகச் சேர்த்து அதைத் தீர்த்தார்கள். திருத்திய நோடு பகுப்பாய்வு என்ற பெயரில் அது 1975இல் வெளியானது. முதல் பதிலில் 'வி' என்று ஒரு மாறியைக் கூடுதலாகச் சேர்த்த உத்தியும் இதுவும் ஒரே இனம்தான்.


பதில் 3: காயில்சுற்றி

நோடு முறைக்கு விழுந்த ஓட்டை நான் முழுமையாக மறுக்கவில்லை. ஆனால் மின்மாற்றி, மோட்டார் போன்றவற்றோடு பழகுகிறவர்கள் மெஷ் முறையை அவ்வளவு எளிதில் கைவிட மாட்டார்கள். பரிமாற்று மின்தூண்டல் உள்ள இரண்டு கம்பிச்சுருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுருளின் மின்னழுத்தம், தன் மின்னோட்டம் மாறும் வீதத்தையும் அடுத்த சுருளின் மின்னோட்டம் மாறும் வீதத்தையும் பொறுத்தது. அதாவது மின்னழுத்தமே மின்னோட்டங்களின் வழியாகச் சொல்லப்படுகிறது. மெஷ் சமன்பாடு கேட்பதும் அதே வடிவத்தைத்தான். ஆகவே முதன்மைச் சுற்றுக்கு ஒரு மெஷ், துணைச் சுற்றுக்கு ஒரு மெஷ் என்று இரண்டு வரியில் மின்மாற்றி அடங்கிவிடும். இதையே நோடு முறையில் எழுத வேண்டுமானால், முதலில் தூண்டல் அணியைத் தலைகீழாக்கிக்கொண்டு வர வேண்டும்.

மெஷ் முறையின் உண்மையான வரம்பு வேறிடத்தில் இருக்கிறது. கிளைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடாமல் சுற்றைத் தாளில் வரைய முடிந்தால்தான், அதாவது அது சமதளச் சுற்றாக இருந்தால்தான், ஜன்னல் ஜன்னலாக மெஷ்களைப் பார்க்க முடியும். இதற்கு நீங்கள் பன்னிரண்டாம் வகுப்பிலோ நுழைவுத் தேர்விலோ சந்தித்திருக்கக்கூடிய கணக்கு ஒன்றையே எடுத்துக்காட்டாகத் தருகிறேன். கனசதுரத்தின் 12 விளிம்புகளிலும் சமமான மின்தடை 'ஆர்' வைத்து, இரண்டு மூலைகளுக்கு நடுவே தொகுபயன் மின்தடை கேட்பார்கள். அடுத்தடுத்த மூலைகள் என்றால் 7/12 ஆர், ஒரு முகத்தின் எதிரெதிர் மூலைகள் என்றால் 3/4 ஆர், கனசதுரத்தின் உடல் மூலைவிட்டத்தின் இரு முனைகள் என்றால் 5/6 ஆர். கனசதுரத்தை மேலிருந்து அமுக்கித் தட்டையாக்கினால் பெரிய சதுரத்துக்குள் சிறிய சதுரமும், மூலைகளை இணைக்கும் நான்கு கோடுகளும் கிடைக்கும். எந்தக் கோடும் இன்னொன்றை வெட்டாது. முதல் இரண்டு கேள்விகளிலும் மின்கலம் இணையும் மூலைகள் இரண்டும் ஏதோ ஒரு முகத்தில் சேர்ந்தே இருப்பதால், மின்கலத்தின் கம்பியை அந்த முகத்தின் வழியாக வரைந்துவிடலாம். மெஷ் முறை தாராளமாகச் செல்லும். உடல் மூலைவிட்டத்தின் முனைகளோ எந்த ஒரு முகத்திலும் ஒன்றாக வருவதில்லை. மின்கலக் கம்பியை எப்படி வரைந்தாலும் அது ஏதோ ஒரு விளிம்பை வெட்டியே தீரும். மூன்றில் மிக எளிதாகச் சமச்சீர் முறையில் தீரும் கணக்கு எதுவோ, அதில்தான் மெஷ் முறை கைவிரிக்கிறது என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும்.

கைவிரிப்பது மெஷ் மட்டும்தான். கிர்க்காஃபின் விதி அல்ல. ஜன்னல்களுக்குப் பதிலாக ஒன்றையொன்று சாராத வளையங்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் அங்கேயும் சமன்பாடு எழுதலாம். கனசதுரத்தோடு மின்கலக் கிளையையும் சேர்த்தால் கிளைகள் 13, சந்திகள் 8. ஆகவே வளையங்கள் 6. கிர்க்காஃப் தம் இரண்டு விதிகளை 1845இல், கோனிக்ஸ்பர்க்கில் மாணவராக இருந்தபோது வெளியிட்டார். ஒரு வலையமைப்புக்குச் சார்பற்ற வளையங்கள் எத்தனை என்பதை 1847இல் நிறுவினார்.

அந்த வளையச் சுதந்திரத்தை உங்கள் கணக்கிலும் பயன்படுத்திப் பார்க்கலாம். மின்னோட்ட மூலத்தின் வழியாக ஒரே ஒரு வளையம் மட்டும் போகும்படி அமைத்துக்கொள்ளுங்கள். முதல் வளையம் உங்கள் ஐ1. இரண்டாவது வளையமான ஐ2, மின்னோட்ட மூலத்தைத் தொடாமல் 4 ஓம், 1 ஓம், 3 ஓம் வழியாகச் சுற்றட்டும். மூன்றாவது வளையம் மின்னோட்ட மூலம் வழியாக ஏறி 3 ஓம் வழியாக இறங்கட்டும். அதன் மதிப்பு 4 ஆம்பியர் என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடுகிறது. மீதமிருப்பது இரண்டே சமன்பாடு:

6 ஐ1 − 4 ஐ2 = 10
−4 ஐ1 + 8 ஐ2 = −12

முதல் பதிலில் பிரதியிட்டபின் கிடைத்த அதே இரண்டு வரிகள், பிரதியிடாமலேயே வந்து நிற்கின்றன. இடப்பக்கத்து அணியின் மூலைவிட்டத்துக்கு இருபுறமும் −4 என்று ஒரே எண் இருப்பதையும் பாருங்கள். சார்பு மூலங்கள் (சுற்றின் வேறோரிடத்து மின்னோட்டத்தையோ மின்னழுத்தத்தையோ பொறுத்து மதிப்பு மாறும் மூலங்கள்) இல்லாத மின்தடைச் சுற்றில், எல்லா வளையச் சமன்பாடுகளையும் ஒரே ஒழுங்கில் எழுதியிருந்தால், இந்தச் சமச்சீர் தப்பாது. தப்பியிருந்தால் சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்கும் முன்பே பிழையைத் தேடலாம்.


தொடர் கேள்வி: இளமின்

மூவருக்கும் நன்றி. கூட்டும்போது 'வி' மறைவதைப் பார்த்ததும் சூப்பர்மெஷ் விளங்கிவிட்டது. அடுத்த பயிற்சியில் இதே சுற்றில் 4 ஆம்பியர் மூலத்தை எடுத்துவிட்டு, சார்பு மின்னோட்ட மூலம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். 4 ஓம் மின்தடையில் கீழ்நோக்கிப் பாயும் மின்னோட்டத்தைப் போல இரண்டு மடங்கை அது மேல்நோக்கிச் செலுத்துகிறது. போட்டுப் பார்த்தால் விடை மறுபடியும் 1, −1, 3 என்றே வருகிறது. இது தற்செயலா? அப்படியானால் சார்பு மூலத்துக்கும் சாதாரண மூலத்துக்கும் வேறுபாடுதான் என்ன?


பதில் 4: பழையகரும்பலகை

தற்செயல் அல்ல, கேள்வியை அமைத்தவர் வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். முதல் கணக்கில் 4 ஓமில் கீழ்நோக்கிப் போனது ஐ1 − ஐ2 = 2 ஆம்பியர். அதன் இரண்டு மடங்கு 4 ஆம்பியர். ஆகவே சார்பு மூலமும் இந்தச் சூழ்நிலையில் அதே 4 ஆம்பியரைத்தான் தருகிறது. மற்ற உறுப்புகளுக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

முறையில் மாறுவது கட்டுப்பாட்டுச் சமன்பாடு மட்டும்தான். சூப்பர்மெஷ் அப்படியே இருக்கும். முன்பு ஐ3 − ஐ2 = 4; இப்போது ஐ3 − ஐ2 = 2 (ஐ1 − ஐ2), அதாவது ஐ3 = 2 ஐ1 − ஐ2. இதைச் சூப்பர்மெஷ்ஷில் பிரதியிட்டால் 2 ஐ1 + 2 ஐ2 = 0 என்று வரும். முதல் மெஷ் 6 ஐ1 − 4 ஐ2 = 10. மேலே நண்பர் சொன்ன சமச்சீர் இங்கே உடைந்துவிட்டதைக் கவனியுங்கள்: ஒரு பக்கம் −4, மறுபக்கம் 2. சார்பு மூலம் இருந்தால் அப்படி உடைவது இயல்பு. அங்கே அதைப் பிழை என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

வேறுபாட்டைக் காண வேண்டுமானால் 10 வோல்ட்டை 20 வோல்ட்டாக்குங்கள். சார்பு மூலம் உள்ள சுற்றில் சார்பற்ற மூலம் என்பது இடது ஓரத்து மின்னழுத்த மூலம் ஒன்றே. அது இரட்டித்தால் எல்லாமே இரட்டிக்கும். விடை 2, −2, 6. சார்பு மூலம் இப்போது 8 ஆம்பியர் தருகிறது. 4 ஆம்பியர் நிலையாக உள்ள முதல் சுற்றிலோ ஐ1 = 3.5, ஐ2 = 0.25, ஐ3 = 4.25 என்றாகிறது. ஐ2 எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கே மாறிவிட்டது. 20 வோல்ட்டைச் சுழியாக்கிப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும்: சார்பு மூலச் சுற்றில் எங்கும் மின்னோட்டம் இருக்காது, மற்றதில் 4 ஆம்பியர் ஓடிக்கொண்டிருக்கும். மேற்பொருந்துதல் தேற்றத்தை (ஒவ்வொரு மூலமாக இயக்கி, கிடைக்கும் விடைகளைக் கூட்டும் முறை) பயன்படுத்தும்போது சார்பு மூலங்களைத் தனியே அணைக்கக் கூடாது என்ற விதி இதிலிருந்துதான் வருகிறது.


பதில் 5: சால்டரிங்மேசை

கணக்கு முடிந்துவிட்டது, ஆனால் இதை மேசையில் வைத்துப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால் 3 ஓம் மின்தடை 27 வாட் சூட்டைத் தாங்க வேண்டும். ஆய்வகத்தில் கொடுக்கும் கால் வாட் மின்தடை புகைந்துவிடும். ஓம் என்ற இடத்திலெல்லாம் கிலோ ஓம், ஆம்பியர் என்ற இடத்திலெல்லாம் மில்லிஆம்பியர் என்று மாற்றுங்கள். வோல்ட்டுகள் அப்படியே இருக்கும், வாட் எல்லாம் மில்லிவாட் ஆகிவிடும். 2, 1, 3 கிலோ ஓம் கடையில் கிடைக்கும். 4 கிலோ ஓமுக்கு இரண்டு 2 கிலோ ஓம்களைத் தொடராகப் போட்டுக்கொள்ளலாம்.

4 மில்லிஆம்பியர் மூலத்துக்குப் பலரும் எல்எம்317 என்ற மின்னழுத்தச் சீராக்கி ஐசியை எடுப்பார்கள். அது சீராக இயங்குவதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச மின்னோட்டமே 10 மில்லிஆம்பியர் வரை போகக்கூடும் என்பதால் இங்கே பொருந்தாது. எல்எம்334 என்ற மூன்று கால் ஐசி இதற்காகவே உள்ளது. 10 மில்லிஆம்பியர் வரை தரும். அதன் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் மின்தடை 4 மில்லிஆம்பியருக்குச் சுமார் 17 ஓம் வரும். நிலையான மின்தடைக்குப் பதில் 10 ஓம் ஒன்றைத் தொடராக வைத்து 500 ஓம் டிரிம்பாட் (திருகித் திருப்பி மதிப்பை மாற்றும் மின்தடை) போட்டால் மின்னோட்டத்தை ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். 'ஆ' சந்தி 9 வோல்ட்டுக்கு உயரும் என்று கணக்குச் சொல்வதால், ஐசிக்கு மேலிருந்து கொடுக்கும் சப்ளை அதைவிடக் கூடுதலாக, 15 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். மின்னோட்ட மூலத்தின் குறுக்கே மின்னழுத்தம் சுழி என்று நம்பி 5 வோல்ட் சப்ளை கொடுத்தவருக்கு 4 மில்லிஆம்பியர் கிடைக்கவே கிடைக்காது. எல்எம்334இன் மின்னோட்டம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறும் தன்மையுடையது. ஆகவே அளவெடுக்கும்போது விரலால் அதைத் தொட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

மல்ட்டிமீட்டரின் சிவப்பு முனையை 'அ' சந்தியிலும் கறுப்பு முனையை 'ஆ' சந்தியிலும் வைத்துவிடுங்கள். 1 கிலோ ஓமின் குறுக்கே வைப்பதால், திரையில் தெரியும் வோல்ட்டே ஐ2இன் மில்லிஆம்பியர் மதிப்பு. மின்னோட்ட மூலத்தைக் கழற்றியிருக்கும்போது +1.25 காட்டும். மூலத்தை இணைத்து, டிரிம்பாட்டைக் குறைந்த மின்னோட்டத்திலிருந்து திருப்பத் தொடங்கினால் அந்த எண் சீராக இறங்கும். மூலம் தரும் ஒவ்வொரு மில்லிஆம்பியருக்கும் 0.5625 வோல்ட் குறைய வேண்டும். மூலம் ஏறத்தாழ 2.22 மில்லிஆம்பியரைத் தொடும்போது 'அ', 'ஆ' இரண்டும் 6.67 வோல்ட்டில் சமமாகி, திரையில் சுழி வரும். அதைத் தாண்டியதும் எண்ணுக்கு முன் எதிர்க்குறி தோன்றும். 4 மில்லிஆம்பியரில் −1.00 காட்ட வேண்டும். 5 சதவீத மின்தடைகள் போட்டிருந்தால் சில புள்ளிகள் தள்ளி நிற்கும், 1 சதவீத மெட்டல் ஃபிலிம் போட்டால் நெருங்கி வரும்.